அம்மாவின் தையல் கத்தரிக்கோலைப் படம் எடுக்கிறேன், யோசனை சொல்லுங்கள்

எழுவான்கரை மகள் (கல்லடி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பக்கத்தில் படம் பிடிப்பவர்களும் இருக்கிறீர்கள், தைப்பவர்களும் இருக்கிறீர்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா தைத்தவர். கல்லடியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில்தான் மெசின். மார்கழி பிறந்தால் விறாந்தை முழுக்க வெள்ளைத் துணி, பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற சீருடைத் துணியைக் கொண்டுவந்து குவித்துவிட்டுப் போவார்கள், தையில் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள் எல்லாம் தைத்து முடிய வேண்டும். 2004 மார்கழியிலும் அப்படித்தான். கொக்கட்டிச்சோலையில் பெரியம்மாவின் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அங்கேயே வைத்து வெட்டிக் கொடுக்கலாம் என்று அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மண்முனையில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறிப் போனார். அப்போது அங்கே பாலம் இல்லை, அது 2014இல்தான் திறந்தது. வேலை முடியவில்லை, திங்கட்கிழமை திரும்ப வருவேன்தானே என்று கத்தரிக்கோலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, 26ஆம் திகதி, கடல் வந்தது.

மெசின் போனது, அல்பம் எல்லாம் போனது, அம்மாவும் அப்பாவும் கலியாணத்துக்கு எடுத்த படம் உட்பட. கத்தரிக்கோல் மட்டும் வாவிக்கு மேற்கே, பெரியம்மா இருக்கிற படுவான்கரையில் இருந்தது. பெரியம்மாதான் அதை முகாமுக்குக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார், அதை வைத்துத்தான் அம்மா திரும்பத் தைக்கத் தொடங்கினார்.

இப்போது அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு, தைப்பதை விட்டுவிட்டார். அண்ணா கனடாவில், தங்கச்சி லண்டனில், நான் மட்டும் இங்கே. மூன்று பேருக்கும் அந்தக் கத்தரிக்கோல் வேண்டும், இருப்பதோ ஒன்று. ஆகவே அதை ஒரு தொகுதி படமாக எடுத்து அச்சிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்வோம் என்று பேசியிருக்கிறோம்.

பத்து அங்குலக் கத்தரிக்கோல், இரும்பு, பிடியில் கறுப்புப் பெயின்ட். பெருவிரல் போடுகிற வளையத்தில் அம்மா பழைய சீலைக் கரையைச் சுற்றித் தைத்திருக்கிறார், அந்தத் துணி எண்ணெயும் வியர்வையும் ஊறி இப்போது தோல் மாதிரி வழவழத்துப் போய்விட்டது. விரல்கள் பிடிக்கிற இடத்தில் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. நடுத் திருகாணியைச் சுற்றித் துரு.

என்னிடம் சாதாரண லென்ஸோடு ஒரு கமராவும் போனும் உண்டு. கறுப்புத் துணியில் வைத்து எடுத்தால் கடை விளம்பரமாக வருகிறது, அலகு ஒரேயடியாக வெள்ளை அடிக்கிறது, இல்லாவிட்டால் என் தலையும் கமராவும் அதற்குள் தெரிகிறது. பக்கத்தில் நூல்கட்டை, பொத்தான், மல்லிகைப்பூ எல்லாம் வைக்கலாமா? எப்படி எடுத்தால் இது அம்மாவின் கத்தரிக்கோல் என்று பார்க்கிறவருக்குத் தெரியும்? உங்கள் வீட்டுக் கத்தரிக்கோல் நினைவுகள் இருந்தாலும் எழுதுங்கள், அதிலிருந்தும் எனக்கு யோசனை பிறக்கும்.


பழைய ஸ்டூடியோ (மட்டக்களப்பு ரவுண்) எழுதியது:

தங்கச்சி, அலகு வெள்ளை அடிக்கிறதுக்கு முதலில் வழி சொல்லிவிடுகிறேன். மினுங்குகிற இரும்பு தனக்கு முன்னால் எது இருக்கிறதோ அதைத்தான் காட்டும், மின்குமிழ் இருந்தால் குமிழ், உங்கள் தலை இருந்தால் தலை. ஆகவே வெளிச்சத்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் பிறகு, அலகுக்கு முன்னால் பெரிதாக ஒரு வெள்ளையைக் கொண்டுவாருங்கள். யன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து ஒரு முழம் தள்ளி மேசையைப் போடுங்கள், பிளாஷ் வேண்டாம், அறை லைட்டையும் அணைத்துவிடுங்கள். அலகு முழுவதும் ஒரே சீரான வெள்ளிச் சாம்பலுக்கு வரும். அப்படி வந்ததும் விளிம்பு காணாமல் போகும், அதற்கும் வழி உண்டு. கறுப்பு மட்டையில் ஒரு கீற்று வெட்டி, படத்துக்குள் விழாத இடத்தில் அலகை ஒட்டி நிறுத்துங்கள், அந்தக் கறுப்பு ஒரு மெல்லிய கோடாக இரும்பில் விழுந்து விளிம்பை எடுத்துக் கொடுக்கும். மட்டையை ஒரு விரலளவு நகர்த்தினாலே படம் மாறும், பொறுமையாக நகர்த்திப் பாருங்கள். போலரைசர் பில்டர் வாங்கச் சொல்லி யாரும் சொன்னால் வாங்கவேண்டாம், அது தண்ணீரிலும் கண்ணாடியிலும் வார்னிஷிலும் வருகிற பளபளப்பைக் குறைக்கும், வெறும் இரும்பின் பளபளப்பில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை.

துருவுக்கும் தேய்ந்த பெயின்ட்டுக்கும் வேட்டி வெளிச்சம் சரிவராது. அதற்குக் காலை வெயில்தான். உங்கள் பக்கம் சூரியன் கடலிலிருந்து ஏறுகிறது, ஏழு மணிக்கு முன்னால் யன்னலால் வருகிற வெயில் மேசைமேல் படுத்தபடி வரும், அந்தச் சரிவு வெயிலில்தான் ஒவ்வொரு துருப்பொட்டும் நிழல் விழுத்தும். படம் எடுத்து முடியும்வரை துருவைச் சுரண்டாதீர்கள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள்.

நினைவு கேட்டீர்கள். எங்கள் தொழிலிலும் கத்தரிக்கோல்தான் கடைசி வேலை. அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம் எல்லாம் கையால் வெட்டிக் கொடுத்த காலம் அது. பிலிம் சுருளைக் கழுவிக் காயவைத்து ஆறாறு படமாக வெட்டுவோம், இரண்டு படத்துக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் வெட்டு விழவேண்டும், கொஞ்சம் தவறினாலும் ஒருவரின் தோள் போய்விடும். ஆனால் எனக்கு மறக்காதது வேறு. சண்டைக் காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் சனங்கள் குரூப் போட்டோவைக் கொண்டுவருவார்கள். கலியாண வீட்டுப் படம், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டிப் படம். பின் வரிசையில் நிற்கிற ஒருவரைக் காட்டி, இவரை மட்டும் எடுத்துப் பெரிதாக்கித் தாருங்கள் என்பார்கள், அவருடைய வேறு படம் வீட்டில் இருக்காது. ஒரு பிரதி அடித்து, தலைமுடியைச் சுற்றிச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, பின்னணி வைத்துத் திரும்பப் படம் எடுப்பேன். பக்கத்தில் நின்றவரின் கை அவரின் தோளில் இருந்தால், அந்த விரல்களை எங்கே வெட்டுவது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன். உங்கள் அம்மாவின் கலியாணப் படம் போனது என்று எழுதியிருக்கிறீர்கள், சொந்தக்காரரின் அல்பங்களைக் கேட்டுப் பாருங்கள். படுவான்கரைப் பக்கம் கலியாணம் செய்தவர்களின் அல்பத்தில் ஒரு மூலையில் அம்மாவும் அப்பாவும் நிற்பார்கள். கத்தரிக்கோல் தொகுதியோடு அதுவும் சேரட்டும்.


இடக்கை (அக்கரைப்பற்று) எழுதியது:

அக்கா, ஒரு படம் கட்டாயம் எடுங்கள். கத்தரிக்கோலை முழுதாக மூடி, அலகின் முதுகு மேலே இருக்கிற மாதிரிப் பிடித்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். இரண்டு அலகுக்கும் நடுவில் மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்று தெரியும். நல்ல தையல் கத்தரிக்கோலில் அலகுகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்திருக்கும், மூடியிருக்கும்போது நுனியும் திருகாணிப் பக்கமும்தான் ஒன்றையொன்று தொடும், நடுவில் இடைவெளி. வெட்டும்போது அந்தத் தொடுகிற புள்ளி அடியிலிருந்து நுனிவரை ஓடிப்போகும், அந்த ஒரு புள்ளியில்தான் துணி அறுகிறது. உங்கள் அம்மாவின் கத்தரிக்கோலில் அந்தக் கீற்று நடுவில் ஒரே சீராக இருக்காது, அதிகம் வெட்டிய இடத்தில் சாணை பிடித்துப் பிடித்து மாறியிருக்கும். அவர் வெட்டின வெட்டெல்லாம் அந்தக் கீற்றின் வடிவத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கமராவை அலகுக்கு நேராக, இணையாகப் பிடியுங்கள், கொஞ்சம் சரிந்தாலும் கீற்று மறைந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிராக எடுப்பதால் போன் திரையில் கீற்றின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தை அளவெடுத்து இருட்டாக எடுங்கள், அலகு கறுத்துப் போனால் பரவாயில்லை.

எனக்கு இது தெரிந்த காரணம், நான் இடக்கை. சின்ன வகுப்பில் சித்திரப் பாடத்தில் கடதாசி வெட்டச் சொன்னால் எனக்கு மட்டும் கடதாசி மடிந்து அலகுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். கை சரியில்லை என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். வளர்ந்த பிறகுதான் விளங்கியது, வலக்கையால் பிடிக்கிறபோது பெருவிரலும் மற்ற விரல்களும் கொடுக்கிற அழுத்தம் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்கும், அதே கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கும், வெட்டுக் கோடும் அலகுக்குப் பின்னால் மறையும். இடக்கைக்காரருக்கு அலகுகள் மாறிப் பொருந்திய கத்தரிக்கோல் தனியாக உண்டு. இடக்கைப் பிள்ளை உள்ள வீட்டார் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து ஒன்று வாங்கிக் கொடுங்கள்.


மருதமுனைத் தறி எழுதியது:

அக்கா உங்கள் பதிவை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அந்த சீலைக் கரை சுற்றின வளையத்தைப் பற்றிக் கேட்டதும் எழும்பிப் போய் வாப்பாவின் கத்தரிக்கோலை எடுத்துவந்து காட்டினார், அதிலும் சுற்று இருக்கிறது, தறி நூலால். எங்கள் ஊரில் தறி இருந்த வீடுகளில் பெரிய கத்தரிக்கோலை விடச் சின்னதுதான் அதிகம் உழைத்தது, இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மிச்ச நூலை நறுக்கிவிட வேண்டும், அது தறிக்கட்டையிலேயே ஒரு கயிற்றில் தொங்கும். பிள்ளைகள் தொட்டால் வாப்பா பேசமாட்டார், பார்ப்பார், அது போதும்.

நான் சொல்ல வந்தது கமரா இல்லாத படம். சூரிய வெயிலில் நீலப் படம் செய்யலாம், சயனோடைப் என்பார்கள். 1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்தது, அடுத்த வருசமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண் கடல்பாசிகளைக் கடதாசியில் அடுக்கி இந்த முறையில் படமாக்கத் தொடங்கினார். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைட் என்று இரண்டு உப்பு, தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, மங்கலான வெளிச்சத்தில் இரண்டையும் கலந்து கடதாசியில் பூசிக் காயவைத்து, அதன்மேல் பொருளை வைத்து வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் கடும் நீலம், பொருள் மறைத்த இடம் வெள்ளை. பொருள் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவு பெரிது. பத்து அங்குலக் கத்தரிக்கோல் பத்து அங்குலமாகவே விழும். அண்ணாவும் தங்கச்சியும் அதன்மேல் கையை வைத்துப் பார்க்கலாம்.

இது பருத்தித் துணியிலும் விழும் என்பதுதான் எனக்குப் பிடித்த விசயம். எங்கள் கைத்தறி வெள்ளைத் துணியில் செய்யுங்கள், ஆனால் பாவு நூலுக்கு (தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல்) கஞ்சி போட்டிருப்பார்கள், அது போகும்வரை நன்றாக ஊறவைத்து அலசவேண்டும், கஞ்சி இருந்தால் மருந்து திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நம்முடைய பங்குனி, சித்திரை வெயிலுக்கு நடுப்பகலில் கொஞ்ச நேரம் போதும், முதலில் சின்னத் துண்டுகளில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலை ஒரு பொலித்தீன் தாளின்மேல் வையுங்கள், மருந்து இரும்பில் படக்கூடாது. கையுறை போடுங்கள், மருந்தைச் சமையல் பாத்திரத்தில் கரைக்கவேண்டாம், அமிலம் எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. கொஞ்சம் திறந்தபடி வைத்தால் அலகு இரண்டும் பிரிந்து வரும், மூடி வைத்தால் ஒரு தடியாகத்தான் தெரியும்.


வந்தாறுமூலை எழுதியது:

மேலே எல்லாரும் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. மல்லிகைப்பூ, பொத்தான், நூல்கட்டை எதுவும் வேண்டாம் அக்கா. அம்மா மல்லிகைப்பூவை வைத்துக்கொண்டா துணி வெட்டினார்? அப்படி அடுக்கி வைத்த படங்கள் யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும். அந்த மேசையில் உண்மையில் இருந்தவற்றை மட்டும் வையுங்கள், சோக்கட்டி, அளவுநாடா, வெள்ளைச் சீருடைத் துணி. அதைவிட முக்கியம் கத்தரிக்கோல் மேசையில் படுத்திருக்கக் கூடாது. அது வேலை செய்யவேண்டும், அம்மாவின் கையில்.

ஹென்றி மத்தீஸ் என்ற ஓவியருக்கு 1941இல் பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது, அதற்குப் பிறகு நின்று வரைவது கஷ்டமாகிப்போக, நிறம் பூசிய கடதாசியைப் பெரிய கத்தரிக்கோலால் நேரடியாக வெட்டிப் படம் செய்யத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் வெட்டிக்கொண்டிருக்கிற படங்கள் இருக்கின்றன, கீழே நிலம் முழுக்க வெட்டுத் துண்டுகள். அந்தப் படங்களில் என் கண் போவது முதலில் கத்தரிக்கோலுக்கு இல்லை, பெருவிரலுக்கும் கீழே கிடக்கிற துண்டுகளுக்கும்தான். கத்தரிக்கோல் என்ன செய்தது என்று துண்டுகள்தான் சொல்லும். ஆகவே வெட்டி விழுந்த கழிவுத் துணியையும் எடுங்கள், கழுத்து வெட்டின அரைவட்டத் துண்டு, கைக்குழி வெட்டின துண்டு, தைக்கத் தெரிந்தவர் பார்த்தவுடனே இது என்ன சட்டை என்று சொல்லிவிடுவார்.

எங்கள் அம்மம்மா கூத்துக்கு உடுப்புத் தைத்தவர். அரங்கேற்றம் கிட்ட வந்தால் வீட்டில் பட்டுத் துணியும் சரிகையும் கண்ணாடித் துண்டும் குவியும், கரப்புடுப்புக்கு, அதாவது கூத்தில் போடுகிற கரப்பு மாதிரி விரிந்த உடுப்புக்கு, துணி வெட்டுகிற நாளில் எங்களை அறைக்குள் விடமாட்டார். கத்தரிக்கோலை எடுத்து வெறுமனே திறந்து மூடினால், டேய் வீட்டுக்குள்ளே சண்டை வரப்போகுது, வை அதை என்று சத்தம் போடுவார். அவர் துணி வெட்டத் தொடங்க முன்னால் கத்தரிக்கோலின் நுனியைத் துணியில் ஒருதரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதை ஒருவரும் படம் எடுக்கவில்லை, கையில் போன் இருந்த காலத்திலும் எடுக்கவில்லை, இப்போது அவர் இல்லை. உங்கள் அம்மா இருக்கிறார் அக்கா. ஒரு துண்டு வெள்ளைத் துணியை அவர் முன்னால் போடுங்கள், நேராக ஒரு வெட்டு வெட்டச் சொல்லுங்கள். கண் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும்.


எழுவான்கரை மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மல்லிகைப்பூ யோசனையை விட்டுவிட்டேன். வெளிச்சக் கீற்றுப் படம் எடுத்துப் பார்த்தேன், இடக்கைத் தம்பி சொன்னது சரி, அடிப்பக்கம் கீற்று அகலமாக இருக்கிறது, நுனிக்குப் போகப் போக மயிரிழையாகிறது. அம்மாவிடம் காட்டினேன், போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, நான் நுனியால் வெட்டுறதே இல்லை, அடியால்தான் வெட்டுவேன், நுனி கழுத்து வளைவுக்கு மட்டும் என்றார். இவ்வளவு நாளும் இது எனக்குத் தெரியாது.

முகம் எடுக்க விடமாட்டாராம், கை என்றால் சரி என்கிறார். பெரியம்மாவும் அடுத்த கிழமை வருகிறார். ஸ்டூடியோ ஐயா, வெட்டும்போது கையும் அலகும் அசையும், அதை எப்படி எடுப்பது? வேட்டி வெளிச்சம் போதுமா?


பழைய ஸ்டூடியோ எழுதியது:

தங்கச்சி, இரண்டு விதமாக எடுங்கள். அலகு துணிக்குள் போகிற அந்த இடம் கூர்மையாக வேண்டுமென்றால் ஷட்டரை 1/500க்கு (ஒரு செக்கனில் ஐந்நூறில் ஒரு பங்கு) வையுங்கள், வேட்டி வெளிச்சத்தில் அதற்கு ஐஎஸ்ஓ, அதாவது கமராவின் வெளிச்ச உணர்திறன், 1600 அல்லது அதற்கு மேலே போகவேண்டி வரும், போகட்டும், கொஞ்சம் மணி மணியாகத் தெரிந்தால் குறை இல்லை. இன்னொன்று, கமராவை ஸ்டாண்டில் இறுக்கி 1/15 அளவில் வையுங்கள், துணியும் மேசையும் அசையாமல் நிற்கும், கை மட்டும் கலங்கி வரும். அச்சில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம்.

போக்கஸை அலகில் வைக்காதீர்கள், வெட்டு எங்கே போய்ச் சேரப்போகிறதோ அங்கே துணியில் சோக்கால் ஒரு புள்ளி வைத்து அதில் பிடித்துப் பூட்டிவிடுங்கள், அம்மாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், கமராவைப் பார்க்கச் சொல்லவும் வேண்டாம். தொடர்ந்து எடுக்கிற முறையில் போட்டு, முதல் வெட்டிலிருந்து கடைசி வெட்டுவரை விரலை எடுக்காதீர்கள். வெட்டப்போகிற துணி நல்ல பொப்ளினாக இருக்கட்டும், மலிவான நைலோன் துணியில் வழுக்கும், அம்மாவுக்குக் கோபம் வரும்.

பெரியம்மா வந்தால் அவரையும் பக்கத்தில் இருத்துங்கள், துணியின் மற்ற நுனியை அவர் பிடிக்கட்டும். நீளத் துணி வெட்டும்போது எதிரே ஒருவர் இழுத்துப் பிடிப்பது வழக்கம்தானே, இரண்டு பேரின் கையும் ஒரே படத்தில் வரும். வேலை முடிந்ததும் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டுத் திருகாணியில் விட்டு, காய்ந்த துணியால் அலகைத் துடைத்து வையுங்கள், உங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கு அது வேண்டும். அச்சடிக்க மினுங்காத தாள் கேளுங்கள், அச்சுக்கு அனுப்ப முன்னால் படங்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.


எழுவான்கரை மகள் எழுதியது:

சரி ஐயா, பொப்ளின் வாங்கிவிட்டேன், இரண்டு யார். மருதமுனைத் தங்கச்சி, நீலப் படத்துக்கு உங்கள் ஊர்த் துணியே வேண்டும், கரை இல்லாத வெள்ளையாக நெய்து தருகிறவர்கள் இருந்தால் தனியாக எனக்கு எழுதுங்கள்.